கீழே இறங்கும் காலி ஜீப்

அக்கா,

நேற்று கம்பத்தில் ஒரு பலசரக்குக் கடையில் பருப்பு வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வடநாட்டுக்காரர் ஒருவர் மஞ்சள் பாட்டில் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார். கடுகெண்ணெய். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னத்தா, காரம் ஏறிருச்சா?" என்றார் கடைக்காரர். "இவுகளுக்காகத்தான் வாங்கி வச்சேன். இப்ப நம்ம ஆளுகளும் ஊறுகாய்க்குக் கேக்குறாக."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது உங்கள் தலைமுடியின் வாசம் என்பதை ஒரு கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்களிடமே எனக்குப் பேச வராது. பருப்பை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வேகமாக நடந்தேன். வாசம் கூடவே வந்தது.

அந்த எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டுதான் நீங்கள் முதல் நாள் எங்களோடு காய் எடுக்க வந்தீர்கள். கீழே கம்பத்துப் பக்கத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புகிற கூட்டம் நாங்கள். நீங்கள் வீட்டுக்காரரோடு ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே தங்கியிருந்தவர். பேச்சியக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ ஆத்தா, ஊறுகாப் பானையத் தலையில கவுத்துக்கிட்டு வந்திருக்காளே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு அப்போது தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, அவரைப் போலவே மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊறுகாப் பானை" என்று திருப்பிச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு பேச்சியக்காவாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

உங்கள் தமிழ்ப் படிப்பு அப்படித்தான் தொடங்கியது. யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வீர்கள். திட்டினாலும் திருப்பிச் சொல்வீர்கள். எங்கள் ஊர் மரியாதைப் பேச்சு உங்களுக்கு மிகவும் பிடித்துப்போய் எல்லா உயிருக்கும் அதையே கொடுத்தீர்கள். "நாய் வந்தாக." "அட்டை கடிச்சுட்டாக." என்னை விட இரண்டு மடங்கு வயது உங்களுக்கு. என்னையும் "தங்கச்சி, சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்பீர்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, முழங்கால் வலியில் முடங்கிய அம்மாவுக்குப் பதிலாக மலை ஏறிக்கொண்டிருந்த என்னை அதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் அடித்தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில் இருக்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். பக்கத்து நிரையில் நீங்கள் குந்தியிருப்பீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் புத்னி உட்கார்ந்து உதிர்ந்த பூவை அடுக்கிக்கொண்டிருப்பாள். உங்கள் மகள், பள்ளிக்கூட வயது. லயத்தில் விட்டுவர ஆள் இல்லாததால் நிரைக்கே கூட்டிவந்துவிடுவீர்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

தோட்டத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கீழே சாலையில் வெளியாள் கார் ஒன்று திரும்பினால் கங்காணி விசில் அடிப்பார். அந்த விசிலுக்குப் பிள்ளைகள் மறைவதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஓட்டமோ சத்தமோ எதுவும் இல்லை. உட்கார்ந்திருந்த இடத்திலேயே பின்னால் சாய்ந்து தூருக்குள் போய்விட்டார்கள். ஓர் இலைகூட அசையவில்லை. யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சுகூட விடக் கூடாது என்று நீங்கள் அவளுக்குப் பழக்கியிருந்தீர்கள். கார் போன பிறகும் அவள் பெயரை நீங்கள் சொல்ல மாட்டீர்கள். கையைக் குவித்து, "கூ… குக்கூ" என்று ஒரு சத்தம் கொடுப்பீர்கள். உங்கள் ஊர்க் காட்டுப் பறவையாம். அதற்குப் பிறகுதான் செடிக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்க்கும்.

நீங்கள் பள்ளிக்கூடம் என்ற சொல்லை முதலில் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லயத்துக்குப் போகும் வழியில் மரத்தில் ஒரு தகரப் பலகை அடித்திருக்கும். மேலே மலையாளம், கீழே தமிழ். சாப்பாட்டு வேளையில் அதைக் காட்டி, "தங்கச்சி, இதுல என்ன சொல்றாக?" என்று கேட்டீர்கள். "யானை நடமாடும் பகுதி, கவனமாகச் செல்லவும்" என்று வாசித்து, யானையைத் துதிக்கை வைத்து நடித்துக் காட்டினேன். உங்கள் முகம் மாறிவிட்டது. வந்த நாளிலிருந்து இருட்டும் நேரத்தில் புத்னியைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள்.

"இத்தன நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தாக," என்றீர்கள் பலகையைப் பார்த்து. "எனக்குத்தான் கேக்கல. என் புள்ளைக்குக் கேக்கணும். பள்ளிக்கூடம் போகணும்."

பக்கத்தில் இருந்த மலையாளப் பள்ளிக்கு அந்த யானை நடமாடும் வழியாகவே போக வேண்டும். ஏற்றிக்கொண்டு போக வண்டியும் கிடையாது. எங்கள் ஊரில் தமிழ்ப் பள்ளி இருந்தது, ஆனால் அது மலைக்குக் கீழே. "நடக்குற காரியமா இது?" என்றார்கள் எல்லோரும். அப்போது நீங்கள் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. எங்கள் ஜீப் காலையில் எங்களை இறக்கிவிட்டு, கம்பம் மார்க்கெட்டில் லோடு அடிக்கக் கீழே போய்விடும். மாலையில் எங்களை ஏற்ற மறுபடி மேலே வரும். எத்தனையோ வருடமாக அதே ஜீப்பில் நெருக்கியடித்துப் போன எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியது.

"காலைல மேல வரும்போது ஆளு. கீழ போகும்போது காத்து," என்றீர்கள் டிரைவரிடம். "காத்துக்கு எடம் குடுக்குறீக. எம் புள்ளைக்குக் குடுக்க மாட்டீகளா?"

டிரைவர் பதறிப்போனார். "எம்மா, செக்போஸ்ட்ல என்னைய புள்ள புடிக்கிறவன்னு உள்ள வச்சுருவாக!"

பேச்சியக்காவுக்கு வேறு கோபம். பள்ளி விட்ட பிறகு பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஜீப் மேலே வர வேண்டுமென்றால், நாங்கள் வீடு போய்ச் சேர அவ்வளவு நேரம் பிந்தும். "நம்ம புள்ளைக அங்கன பசியோட காத்துக்கிட்டுக் கெடக்கும். இவ புள்ளைக்கு ஜீப்பு கேக்குதோ?" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் காயை எடை போட்டுவிட்டு, பேச்சியக்காவின் நிரையில் போய்க் குந்தி, மிச்சம் கிடந்த சரத்தையெல்லாம் அவர் பைக்கு எடுத்துப் போட்டீர்கள். மறுநாளும் செய்தீர்கள். மூன்றாம் நாள் பேச்சியக்கா, "போதும், எந்திரிடி. என்னையச் சோம்பேறியாக்கிப்புடுவ போலருக்கு," என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "செக்போஸ்ட்ல நான் வந்து பேசுறேன்யா. எவன் கேக்குறான்னு பாப்போம்," என்றார்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பேச நீங்கள் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். நான் அஞ்சாவது வரை படித்த பள்ளி. அந்தப் பக்கம் போனாலே தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவள் நான். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அதனால்தான் வந்தேன். பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏய், நீ அந்தப் பேசாத புள்ளதான? பேசாத புள்ளைய எவ பேசக் கூட்டியாந்தா?" நீங்கள் உடனே, "நாந்தான் கூட்டியாந்தாக," என்றீர்கள். டீச்சர் சிரித்துவிட்டார். உங்களிடம் காகிதம் எதுவும் இல்லை என்று நான் முனகினேன். "காகிதம் பெறகு பாத்துக்கலாம், யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. புள்ள தெனமும் வருமா? ஊரு விட்டு ஊரு வர்ற புள்ளைக பாதியில காணாமப் போயிருதுக. அதுதான் எனக்குப் பயம்," என்றார்.

"வருவாக," என்றீர்கள்.

அவள் தினமும் வந்தாள். காலையில் நாங்கள் இறங்கிய சூட்டோடு அவள் ஏறுவாள். டிரைவர் பக்கத்தில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செக்போஸ்ட்டில் ஒரு வாரம் நிறுத்திக் கேட்டார்கள். பிறகு கையசைத்து அனுப்பினார்கள்.

வகுப்பில்தான் சங்கடம். பெயரைக் கூப்பிட்டால் அவள் வாய் திறக்கவே இல்லை. விளையாடும்போது கத்துகிற பிள்ளை, வருகைப்பதிவில் கல்லாகிவிடுவாள். காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். எனக்கும் புரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூச்சு விடக் கூடாது என்று அவள் படித்த முதல் பாடம் ஏலச்செடியோடு போய்விட்டது என்று நாம் இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

அப்புறம் அந்த நாள். உச்சி வேளையில் டிரைவர் உங்களுக்குப் போன் செய்தார். புத்னியைக் காணவில்லை. கங்காணி ஓட்டிய பைக்கில் நாம் இருவரும் கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் இறங்கி வந்தோம். என் தோளைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் எலும்பு வரை அழுந்தின.

பள்ளிக்கூடமே தெருவில் நின்றது. கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்குள் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் "புத்னி! புத்னி!" என்று கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் நம்மைக் கண்டதும் ஓடி வந்தார். "ஆபீசர் கார் வந்துச்சு. லைன்ல நிக்கச் சொல்லி விசில் அடிச்சோம். அம்புட்டுத்தான், புள்ளையக் காணோம்," என்றார். பிறகு அழுகிற குரலில், "என்னால முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? இனிமே இங்கன அனுப்பாதீக," என்றார்.

கார். விசில். நீங்கள் சட்டென்று நின்றீர்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேர் கூப்பிடுகிறார்களோ அத்தனைக்கு அவள் உள்ளே போய்க்கொண்டே இருப்பாள்.

"எல்லாரும் சும்மா இருங்க," என்றீர்கள். யாரும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னீர்கள். தோட்டத்தில் எதிர்ச்சரிவுக்குக் கேட்கும்படி கத்துவீர்களே, அந்தக் குரலில். தெரு அடங்கிப்போனது. நீங்கள் முற்றத்தின் நடுவில் போய் நின்று கையைக் குவித்து, "கூ… குக்கூ" என்றீர்கள்.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த மூலையில், சுவருக்கும் விறகுக்கும் நடுவே, ஒரு பூனை நுழையும் இடைவெளியிலிருந்து புத்னி வெளியே வந்தாள். முகமெல்லாம் தூசி, வாயெல்லாம் சிரிப்பு. அங்கே எத்தனை பேர் தேடினார்கள், நின்று பார்த்தார்கள், அவள் பெயரை அவள் காதுக்கு அருகிலேயே கத்தினார்கள்! நன்றாக ஒளிந்ததற்கு அம்மா மெச்சுவாள் என்று நினைத்து ஓடி வந்து உங்களைக் கட்டிக்கொண்டாள்.

நீங்கள் அவளைத் தூக்கவில்லை, அடிக்கவில்லை. அவள் தலையில் கையை வைத்தபடி பெரிய டீச்சரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஒளியச் சொல்லிக் குடுத்தது நானு. நல்லாக் கத்துக்கிட்டாக. இனி நீங்க நிக்கச் சொல்லிக் குடுங்க. அதையும் நல்லாக் கத்துப்பாக."

அவ்வளவு பெரிய சொல்லை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை, அக்கா. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும், "அந்தச் சத்தத்த எப்பிடிப் போட்டீக? எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றார். நீங்கள் அவர் கையைப் பிடித்துக் குவித்துக் காட்டினீர்கள். அவர் ஊதினார். காற்று மட்டும்தான் வந்தது. தெருவே சிரித்தது. புத்னிதான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

பிறகு பெரிய டீச்சர் வருகைப்பதிவில் அவள் பெயருக்கு முன்னால் அந்தச் சத்தத்தைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாராம். மாதம் ஒன்று போனது. ஒரு நாள் சத்தம் போட மறந்து பெயரை மட்டும் கூப்பிட்டபோது "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்ததாம். அடுத்த பருவத்தில் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகளும் அந்த ஜீப்பில் இறங்க ஆரம்பித்தார்கள். டிரைவர் லோடு அடிக்கப் போவதையே கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். பேச்சியக்கா மாலையில் காத்திருக்கும் நேரத்துக்கு ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தார்.

ஆடி மாதக் காற்றைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. நான் அடுத்த சரிவில் இருந்தேன். மரம் முறிகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஓடி வந்தபோது உங்கள் பை நிறையக் காய் இருந்தது. நீங்கள் இல்லை.

உங்களைத் தோட்டத்து எல்லையிலேயே அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு உங்கள் வீட்டுக்காரர் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு அவரால் எப்படி வேலை செய்ய முடியும்? உங்கள் ஊரில் பள்ளி ஆற்றுக்கு அக்கரையில், மழைக்காலத்தில் போக முடியாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். புத்னிக்கும் அது தெரியும். பெயரை எடுத்துவிடச் சொல்வதற்காக அவர் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். துணைக்கு என்னை வரச் சொன்னார்கள். அவருக்குத் தமிழ் வராது. எனக்கு உங்களோடு பேசிப் பேசி அவர் பேச்சு கொஞ்சம் புரியும்.

பெரிய டீச்சரின் மேசைக்கு முன்னால் மூவரும் நின்றோம். உங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி தன் பேச்சில் சொன்னார்: இவள் அம்மா போய்விட்டாள், நாங்கள் ஊருக்குப் போகிறோம், இவள் இனி வர மாட்டாள், உங்களுக்கு நன்றி. சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"உங்கப்பா என்னம்மா சொல்றாரு?" என்று டீச்சர் புத்னியிடம் கேட்டார்.

புத்னி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். கையைப் பக்கத்தில் வைத்து, பிரேயரில் நிற்பது போல நிமிர்ந்து நின்றாள்.

"அப்பா சொல்றாக… அம்மா செத்துப்போயிட்டாக. அதுனாலதான் நான் வரல. நாளைக்கு வருவேன். தெனமும் வருவேன்."

அந்த அறையில் இரண்டு பேச்சும் புரிந்தவர்கள் அவளும் நானும்தான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எப்போதும்போலப் பேசாமல் நின்றேன். என் வாழ்க்கையில் என் பேசாமை ஒரு நல்ல காரியம் செய்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெரிய டீச்சர் எழுந்து கை கூப்பினார். "நல்லதுங்க. எம் புள்ள மாதிரி பாத்துக்கிறேன்," என்றார் உங்கள் வீட்டுக்காரரிடம்.

அவர் மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு எந்தத் தமிழ்ச் சொல் தெரியாவிட்டாலும் "நாளைக்கு" தெரியும். கூலி நாளைக்கு, வேலை நாளைக்கு, மழை விட்டால் நாளைக்கு. தான் சொன்னதில் அந்தச் சொல்லே இல்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொல்லி என்னைக் கேட்டிருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்க்கவும் செய்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் குனிந்து, அவள் தோளிலிருந்து நழுவியிருந்த பையின் வாரைத் தூக்கிச் சரியாக மாட்டிவிட்டார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நாளைக்கு," என்றார்.

புத்னி இப்போது நாலாவது படிக்கிறாள், அக்கா. அவர் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார், வேறு சரிவில். நான் மாறிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. நாலு பேருக்கு நடுவில் இன்னமும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அப்படி வாயடைத்து நிற்கும்போதெல்லாம் ஒளிந்துகொள்ளவே வளர்க்கப்பட்ட உங்கள் பிள்ளை அந்த மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது கண் முன்னால் வருகிறது. ஓடிப்போக வேண்டும் என்று தோன்றுவது கொஞ்சம் குறைகிறது.

போன வாரம் லீவு நாளில் புத்னியை ஜீப் ஏற்றிவிடப் போனபோது பள்ளி வாசலில் பெரிய டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பத்தாவதத் தனியா எழுதலாம், தெரியுமா? எப்ப எழுதப்போற?" என்று கேட்டார். அவர் காத்துக்கொண்டிருந்தார். ஜீப் ஹாரன் அடித்தது. நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.